ஜிப் அக்காவுக்குக் கிடைத்த வெயில்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாலையைக் கடக்கிறவர்களுக்காக ஓர் இரும்பு நடைபாலம் இருக்கிறது. அதன் படிக்கட்டு சரிந்து இறங்குகிற இடத்துக்குக் கீழே தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவரை அந்தப் பக்கம் போய்வருகிற எல்லாரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகப் பை, பயணப் பை, மழைக்கோட்டு, கால்சட்டை என்று வாயைப் பிளந்துகொண்டு எது வந்தாலும் மூடிக் கொடுத்துவிடுவார்.

அவருக்கு இடது கால் சூம்பிய கால். விவரம் தெரிவதற்கு முன்பே வந்த ஒரு காய்ச்சல் செய்த வேலை அது. நடக்கும்போது இடது கையை முழங்கால் மேல் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நடப்பார். தையல் வகுப்பில் சேரப் போனபோது, "மிதிக்க முடியுமாம்மா உன்னால?" என்று கேட்டார்கள். "ஒரு காலு மிதிக்கும், இன்னொண்ணு வேடிக்கை பார்க்கும்" என்றாராம். சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே எல்லாம் மின்சார மிஷின்கள். வலது கால் பெருவிரலால் லேசாகத் தொட்டால் போதும், ஊசி பறக்கும். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிலும் குளிர்ச் சட்டைக்கு ஜிப் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. துணி சுருங்காமல், பல் பிசகாமல், மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். அங்கே யாரும் தன் காலைப் பார்க்கவில்லை, தைத்ததைத்தான் பார்த்தார்கள் என்று இன்றும் சொல்வார். துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற பிரிவில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டதும் அங்கேதான்.

தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கணவர் பார்சல் வேன் ஓட்டப் போனார். அக்கா வீட்டில் பழைய மிதி மிஷினில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் வலது முழங்கால் வீங்கிக்கொண்டது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா ரெண்டு கால் வேலைய ஒரு கால் செஞ்சிருக்கு. இனிமே மிதிக்காதீங்க, கோவிச்சுக்கிட்டா சமாதானப்படுத்த முடியாது" என்றார். மிஷினுக்கு ஒரு சின்ன மோட்டார் மாட்டினார்கள். கால் பிழைத்தது. ஆனால் வீடு சந்துக்குள் சந்து. அறுந்த பையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

நடைபாதைக் கடைகளுக்கு இடம் ஒதுக்கியபோது அவருக்குக் கிடைத்ததுதான் இந்தப் படிக்கட்டின் அடி. நல்ல இடம். எந்நேரமும் ஆள் நடமாட்டம். தலைக்கு மேல் இரும்பு இருப்பதால் மழைக்கும் பயமில்லை, வெயிலுக்கும் பயமில்லை. கரண்ட் மட்டும் கிடையாது. பின்னால் இருந்த செருப்புக் கடையில் ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தக் கடையிலிருந்து ஏற்கெனவே பக்கத்துச் சாவி வெட்டுகிறவருக்கு ஒரு ஒயர் போகிறது, இன்னொன்று தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று மிஷின் சக்கரத்தில் ஒரு கைப்பிடியை மாட்டி, வலது கையால் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளித் தைக்க ஆரம்பித்தார். ஜிப் வைக்க இரண்டு கையும் துணி மேல் இருக்க வேண்டும். ஒரு கை சுற்றப் போய்விட்டால் கோடு பாம்பாக நெளியும். பிரித்துப் பிரித்துத் தைத்தார். ஒருநாள் சாயங்காலம் கணவர் வேனை நிறுத்திவிட்டு வந்தபோது, "எனக்கே என் தையலப் பார்க்கப் பிடிக்கலீங்க" என்றார். அவர் அப்படிப் பேசிக் கணவர் கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் கணவர் ஒரு பெட்டியோடு வந்தார். கைப்பிடி வைத்த சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் சின்னத் திரை, அதன் கீழே பிளக் செருகும் துளைகள். கூடவே சூட்கேஸ் மாதிரி மடிகிற இரண்டு கறுப்புப் பலகைகள்.

"என்னங்க இது?"

"பேட்டரிப் பெட்டி. பார்சல் ஏத்தப் போன வீட்ல, வீடு மாத்துறாங்க, வேணாம்னு ஓரமா வச்சிருந்தாங்க. கேட்டேன், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

"நல்லா இருந்தா ஏன் வேணாம்னு வச்சாங்க?"

"அதான் விஷயம். சுவத்து பிளக்குல சார்ஜ் ஏத்துற பக்கம் கருகிப் போச்சாம். வெயில்ல ஏத்துற பக்கம் வேலை செய்யுது. இந்தப் பலகை ரெண்டும் சூரியன வாங்கி உள்ள அனுப்பும். கரண்ட் போனா நம்ம ஃபேனுக்கு ஆகும்னு பார்த்தேன்."

அக்கா பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "ஃபேன் கிடக்கட்டும். இதுல என் மோட்டார் ஓடுமா?"

கணவர் மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஃபேன் போச்சு" என்றார்.

வீட்டில் முதலில் பலகைகளை ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். திரையில், உள்ளே எவ்வளவு வருகிறது என்று காட்டுகிற இடத்தில், பதினொன்று என்று நின்றது. இப்படி ஏறினால் அடுத்த வருஷம்தான் நிறையும் என்றார் கணவர். மறுநாள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி நடைபாலத்தடிக்கே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா பலகைகளை நடைபாதையின் வெயிலில் விரித்து, பெட்டியையும் அவற்றின் பக்கத்திலேயே வெயிலில் வைத்தார். எண் தடதடவென்று ஏறி நூறைத் தாண்டியது. அவருக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு பையைப் பிரித்து முடிப்பதற்குள் பெட்டிக்குள் விசிறி இரைந்தது, பிறகு திரையில் ஏதோ சிவப்பாக மின்னியது, எண் சைபர் ஆகிவிட்டது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"செத்துப்போச்சா?" என்று எட்டிப் பார்த்தார் சாவி வெட்டுகிறவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கட்டுக்கு நாலடி தள்ளி, வெட்டவெளியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பெட்டிக் கடை அவருடையது. சாவி அண்ணே என்று அக்கா கூப்பிடுவார். அவர் பதிலுக்கு அக்கா என்பார். யாருக்கு வயது அதிகம் என்பது கடைசிவரை முடிவாகாத வழக்கு. மனிதர் நல்லவர், வாய்தான் சும்மா இருக்காது.

"சூரியன டப்பால அடைக்கப் பார்த்தீங்க, அது டப்பாவையே சுட்டுடுச்சு" என்றார்.

அக்கா பெட்டியை இழுத்துத் தன் காலடி நிழலில் வைத்து, ஈரத்துணியை முறுக்கிப் பக்கத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். சூடு அடங்கியதும் எண் தானாகத் திரும்பி வந்தது. பலகைக்குத்தான் வெயில் வேண்டும், பெட்டிக்கு வேண்டியது நிழல் என்று அன்றைக்குப் புரிந்தது. நீளமான ஒயர் இருந்ததால் அது ஒன்றும் கஷ்டமில்லை.

கஷ்டம் பாலத்தால் வந்தது. காலையில் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற பாலத்தின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து பலகை மேல் படுத்துக்கொள்ளும். முழு நிழல்கூட வேண்டாம், கைப்பிடிக் கம்பியின் நிழல் விரல் அகலத்துக்கு ஒரு கோடு விழுந்தாலே எண் பாதிக்குக் கீழே சரிந்தது. அக்கா எழுந்து, முழங்காலில் கையூன்றிப் போய், பலகையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்காருவார். ஊசியில் நூல் கோப்பதற்குள் நிழல் பின்னாலேயே வந்துவிடும். போகிறவர்கள் வேறு பலகையைத் தாண்டிக் குதித்தார்கள். ஒருவர் பாய் விற்கிறீர்களா என்று கேட்டார்.

நாள் முழுக்க நிழலே விழாத இடம் ஒன்றுதான் இருந்தது. சாவி அண்ணனின் தகரக் கூரை.

"அண்ணே, உங்க கூரை மேல வச்சுக்கட்டுமா?"

"என் தலைக்கு மேல கரண்ட் வேணாம்க்கா. இடி கிடி விழுந்தா நான் பொசுங்கிடுவேன். எனக்கு இன்னும் ஆசையெல்லாம் இருக்கு."

"இடி விழுறதுன்னா ஏற்கெனவே இந்தப் பாலத்து மேலதாண்ணே விழுந்திருக்கணும். உங்களவிட அது உயரம்."

"அது இரும்பு, தாங்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. அரைகுறையாக ஏறிய சார்ஜில் அரைநாள் மோட்டார், அரைநாள் கைப்பிடி என்று ஓட்டினார். அந்த அரைநாள் தையலைப் பார்த்தே வாடிக்கை கூடியது.

ஒருநாள் காலை செருப்புக் கடைப் பக்கம் கரண்ட் போய்விட்டது. சாவி வெட்டும் மிஷின் பாதிச் சாவியில் நின்றது. எதிரே நின்ற அம்மா வேலைக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். சாவி அண்ணன் பொத்தானை அழுத்திப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார், மிஷினைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னண்ணே பார்க்குறீங்க? தூக்கிட்டு வாங்க" என்றார் அக்கா.

மிஷினை அணைத்துக்கொண்டு வந்தார். பெட்டியில் செருகியதும் அது வழக்கம்போல் கீச்சிட்டுச் சாவியை அறுத்து முடித்தது. அந்த அம்மா போன பிறகு சாவி அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, மிஷினைத் திரும்ப அணைத்துக்கொண்டார். போகிற போக்கில், "கூரை சும்மாதான் கிடக்கு" என்றார்.

அக்காவால் ஏற முடியாது. அவர்தான் ஏணி வைத்து ஏறினார். தகரத்தோடு ஒட்டி வைத்தால் பலகை கொதிக்கும் என்று அடியில் செங்கல் கொடுத்தார். காற்றுக்குப் பறக்காமல் கயிறு கட்டினார். அதற்கப்புறம் எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் சண்டை. அவர் மேலே நின்று தள்ள, கீழே அக்கா திரையைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ போச்சு, திருப்புங்க" என்று கத்த, பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"கழுத்து வலிக்குதுக்கா. எது நேரா இருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

அக்கா யோசித்தார். தன் ஊசிப் பெட்டியைத் திறந்து, ஒரு அட்டைத் துண்டில் குண்டூசியை நட்டக்குத்தலாகக் குத்தி, மேலே நீட்டினார். "இத பலகை மேல வைங்க. ஊசியோட நிழல் எந்தப் பக்கம் நீளுதுன்னு பாருங்க. நிழல் சுருங்குற மாதிரி பலகையச் சாய்ங்க. நிழலே தெரியலன்னா நேரா சூரியனப் பார்க்குதுன்னு அர்த்தம்."

சாவி அண்ணன் செய்தார். "குண்டு மட்டுந்தான்க்கா தெரியுது, நிழலக் காணோம்."

கீழே திரையில் நூற்று அறுபது. அக்கா அந்த எண்ணை அதற்கு முன் பார்த்ததேயில்லை. கணவருக்குப் போன் போட்டு அந்த எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கணவர் ஏதோ ஆபத்து என்று நினைத்து வேனைத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது தனிக்கதை.

அதிலிருந்து அவரவர் வேலை அவரவருக்குப் பிடிபட்டது. காலையில் ஒரு சாய்ப்பு, மதியம் ஒரு சாய்ப்பு சாவி அண்ணன் பொறுப்பு. காக்கை எச்சம் விழுந்தால் துடைப்பதும் அவரே. "பெத்த பிள்ளையக்கூட நான் இப்படிக் குளிப்பாட்டுனதில்ல" என்பார். கரண்ட் போகிற நாளில் அவர் மிஷினும் பெட்டியில் ஓடும். அக்காவின் கைப்பிடி, நூல் டப்பாக்களோடு மூலையில் கிடந்தது.

ஆனால் வெயில் சொன்ன பேச்சைக் கேட்காத வாரங்களும் உண்டே. அந்த வாரம் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பலகை ஏதோ கொடுத்தது, மோட்டார் அதைக் குடித்துத் தீர்த்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெட்டியில் ஏழு சதவீதம் சார்ஜே மிச்சம் இருந்தபோது ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகன் முதல்முதலாக வேலைக்கு வெளியூர் போகிறான். பெரிய பை, இழுத்த இழுப்பில் ஜிப் அடியோடு பெயர்ந்துவிட்டது. பேருந்து எதிரே உறுமிக்கொண்டிருந்தது. அக்கா எண்ணைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கணக்காக ஓட்டினால் முடித்துவிடலாம். புது ஜிப்பை வைத்துப் பாதி தைத்திருப்பார், ஒரு ஆள் ஓடிவந்தான். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. உள்ளங்கையில் இரண்டு துண்டாக ஒரு சாவி.

"அண்ணே, கதவப் பூட்டும்போது உள்ளயே உடைஞ்சிடுச்சு. குறடு வச்சு எடுத்துட்டோம். அப்பா உள்ள இருக்காரு. ஆபரேஷன் ஆகி நேத்துதான் வீட்டுக்கு வந்தாரு, எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டா பதிலே இல்ல."

சாவி அண்ணன் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "வெட்டிடலாம். இது பக்கவாட்டுப் பள்ளம் வச்ச சாவி, அரத்தால முடியாது, மிஷின்தான் வேணும்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. காலையிலிருந்து செருப்புக் கடையில் கரண்ட் இல்லை.

அவர் கேட்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தார். மோட்டார் நின்றது. குனிந்து தன் பிளக்கைப் பிடுங்கினார். "கொண்டாங்கண்ணே."

பையன் பேருந்தைப் பார்த்தான். அவன் அம்மா செருப்பில்லாத அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவி மிஷின் கீச்சிட்டது. ஐந்து, நாலு, மூன்று என்று எண் இறங்கியது. பள்ளத்தை ஒரு முறை ஓட்டி, ஊதி, இன்னொரு முறை ஓட்டினார். திரை இருண்டபோது சாவி அண்ணன் கையில் முழுச் சாவி இருந்தது. "போ, மெதுவா திருப்பு, முரட்டுத்தனமா திருப்பாத" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் தெருமுனையில் இருந்தான்.

அக்கா மூலையிலிருந்து கைப்பிடியை எடுத்து மாட்டினார். பிறகு அந்தத் தாயைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் சுத்துறீங்களா? நான் சொல்றப்போ சுத்தணும், நிறுத்துன்னா நிறுத்தணும். எனக்கு ரெண்டு கையும் துணியில வேணும்."

அந்த அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். "சுத்துங்க." சுற்றினார். முதலில் தடுமாற்றம், பிறகு சீராக, மாவாட்டுகிற கையின் நிதானத்தோடு. ஊசி ஏறி இறங்கியது. சாவி அண்ணன் சாலையைக் கடந்துபோய் நடத்துநரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னாரோ, பேருந்து உறுமியதே தவிர நகரவில்லை. கடைசி முனையைத் தட்டித் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அக்கா ஜிப்பை ஒரு தடவை இழுத்துக் காட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. மகன் பையைத் தோளில் போட்டு, அம்மாவின் கையை ஒரு நொடி பிடித்து, ஓடி ஏறினான்.

பேருந்து போன பிறகும் அந்த அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நல்லவேளை, கைக்கு ஒரு வேலை கொடுத்தீங்க" என்றார். "இல்லன்னா அவன் முன்னாடி அழுதிருப்பேன்."

"இப்ப அழுங்க, யாரு கேக்குறா" என்றார் அக்கா. இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் கொஞ்சம் கண்ணீரும் வந்தது.

மறுநாள் அந்த ஆள் இரண்டு செருப்போடு வந்தான். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு அசந்து தூங்கியிருக்கிறார். கதவு பூட்டிக்கொண்டதும் தெரியாது, திறந்ததும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். சாவி அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு காலையில் அந்தத் தாய் மறுபடி வந்தார். கையில் பை இல்லை. மகன் போய்ச் சேர்ந்துவிட்டான், நன்றாக இருக்கிறான், வீட்டில்தான் இருக்க முடியவில்லை என்றார். பட்டன் தைப்பேன், ஓரம் மடிப்பேன், கைத்தையல் சுத்தமாக வரும், மிஷின்தான் தெரியாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றார்.

"சுத்தத் தெரியுதுல்ல, மிச்சத்த நான் சொல்றேன்" என்றார் அக்கா. "சும்மா இல்ல, வர்ற வேலையில உங்க பங்கு உங்களுக்கு."

அக்கா வீட்டில் இன்னொரு பழைய மிஷின் கிடந்தது. கணவர் அதற்கு ஒரு மோட்டார் தேடிப் பிடித்து மாட்டினார். படிக்கட்டின் சரிவு கூடுகிற உட்பக்கத்தில், தலை இடிக்காத இடமாகப் பார்த்துப் போட்டார்கள். முதல் நாள் இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் பெட்டி தாங்குமா என்று நால்வருக்கும் சந்தேகம். கணவர் வேனை அணைக்காமல் நின்றார். சாவி அண்ணன் கூரை மேலிருந்து, "நேரா இருக்குக்கா, நிழல் இல்ல" என்று குரல் கொடுத்தார்.

"காலை லேசா வைங்க. பயப்படாதீங்க, அது உங்களவிட மெதுவாத்தான் போகும்" என்றார் அக்கா.

இரண்டு மோட்டார்களும் ஒன்றாக எழுந்தன. அக்கா திரையைப் பார்த்தார். வெளியே போவதைவிட உள்ளே வருவதே அதிகமாக இருந்தது. பக்கத்து மிஷினில் கோடு கொஞ்சம் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது.

"துணிய இழுக்காதீங்க, அதுவா வரும்" என்று சொல்லிவிட்டு, முன்னால் கிடந்த பள்ளிப் பையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.